பாடுகள் பதக்கமல்ல

கிறிஸ்தவனுக்கு நேரும் பாடுகளெல்லாம் புறமதத்தாரால் வருபவை என்ற பேச்சை மேடைதோறும் கேட்கிறோம். எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை (1894) மேற்கோள் காட்டுவோரும் இதற்கு விலக்கல்லர். அக்காப்பியத்திற்கு மூலநூல் தந்த ஜான் பன்யனை 1660இல் சிறையிலிட்டது யார்? கிறிஸ்தவ இங்கிலாந்துதான். அரசுத் திருச்சபைக்கு வெளியே நின்று பிரசங்கித்தார் என்பதே குற்றம். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று வாக்களித்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். மனைவியும் பார்வையற்ற மகளும் வெளியே இருந்தனர். மறுத்தார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

பன்யன் துன்பத்தைத் தேடிப் போனவரல்லர். மனச்சாட்சியை விற்க மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது. பாடுகளைப் பதக்கமாய் அணிந்து திரிவோர், தம் சபைக்குள் மாற்றுக்குரல் எழும்போது சிறைக்காவலனின் இடத்தில் நிற்பது தாமோ என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். அக்கேள்விக்கு அஞ்சும் விசுவாசத்திற்குச் சிலுவையைப் பற்றிப் பேச என்ன உரிமை இருக்கிறது?