கைப்பிடிச் சுவர் எழுப்புவோம்

மே முதல் நாளன்று தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளைக் கொண்டாடுகின்றோம். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய திருநாள் இது. அன்று சில பங்குகளில் தொழிற்கருவிகளை மந்திரிப்பதும் உண்டு. அக்கருவிகளால் உழைப்பவனின் உயிருக்குக் கேடு நேராதிருக்க ஆவன செய்தோமா என்று கேட்பதும் நம் கடமையன்றோ?

துறைமுகங்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் நம் பிள்ளைகள் பலர் உழைக்கின்றனர். தந்தையர் மூட்டை சுமந்த இடத்தில் இன்று ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடுகின்றது. முதுகின் பாரம் குறைந்தது. ஆபத்தோ வேறு உருவில் வந்தது. இரண்டரை டன் சரக்கைத் தூக்கும் வண்டியின் சொந்த எடையே மூன்று டன்னுக்கு மேல். அதன் பின்சக்கரங்களே திரும்புவதால், வளையும்போது பின்புறம் அகல வீசி, அருகில் நிற்பவரைச் சுவரோடு நெரித்துவிடும். லாரியின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காவிடில், வண்டி ஏறி இறங்குந்தோறும் லாரி மேடையைவிட்டுச் சிறிது சிறிதாக விலகும்; அந்த இடைவெளியில் வண்டி கவிழும். அஞ்சி வெளியே குதிப்பவர் அதன் கூரைச் சட்டத்தின் கீழ் நசுங்க நேரிடும். இருக்கைப் பட்டி அணிந்து உள்ளேயே அமர்ந்திருப்பவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இவற்றைத் தடுப்பது அரிதன்று. சக்கரத்துக்குக் கட்டை, இருக்கைக்குப் பட்டி, நடப்போருக்குத் தனிப் பாதை, ஓட்டுநருக்கு முறையான பயிற்சி, சரக்கு ஏற்றி முடியும்வரை லாரியின் சாவியை வாங்கி வைத்தல் ஆகியவை போதும். 'சீக்கிரம், சீக்கிரம்' என்னும் அவசரமே இவற்றையெல்லாம் மறக்கச் செய்கின்றது.

புது வீடு கட்டுபவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல் விழுந்தவனின் இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்கின்றது இணைச்சட்ட நூல். உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காத பணியிடம் தொழிலாளியின் உரிமை என்று 1981-இல் தம் சுற்றுமடலில் எழுதினார் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர். ஆகவே கட்டையும் பட்டியும் முதலாளி மனமிரங்கி ஈயும் தருமம் அல்ல. அவர் செலுத்தவேண்டிய கடன்.

குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. பயிற்சி பெறாத மகனை வண்டி ஓட்டச் சொன்னால், "கற்றுக்கொண்டு ஓட்டுகிறேன்" என்று பணிவுடன் மறுக்கும் துணிவை அவனுக்கு ஊட்டுவோம். அதனால் ஒரு நாள் கூலி போகலாம், போகட்டும். மாலையில் அவன் வீடு திரும்பும்போது, "இன்று எத்தனை லோடு?" என்று கேட்குமுன், "கட்டை வைத்தார்களா?" என்று கேட்போம்.