ஆண்டுதோறும் ஏழ்மைக்குச் சான்று

நம் மூத்தோர் கல்வி உதவித்தொகையை 'உபகாரச் சம்பளம்' என்றார்கள். உபகாரம் என்றால் கொடுப்பவர் மனம் வைக்க வேண்டும். சம்பளம் என்றால் வாங்குபவருக்கு உரிமை உண்டு. இரண்டும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன என்று பள்ளி நாளில் வியந்ததுண்டு. டில்லிக்குப் படிக்க வந்தபின் விளங்கிற்று: கிடைக்கும் வரை உபகாரம், கிடைத்த பின்னும் உபகாரமே!

நான் பயிலும் கல்லூரியில் ஏழை மாணவர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. முதலாண்டில் எனக்குக் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் மீண்டும் வருமானச் சான்றிதழ் கேட்டார்கள்; பழையது செல்லாதாம். ஊரில் என் தந்தையார் கட்டிட வேலைக்குப் போகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்குப் போனார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மனு படியேறிற்று. விசாரணைக்கு அழைத்ததில் இன்னொரு நாள் கூலியும் போயிற்று. சான்றிதழ் என் கைக்கு வந்தபோது கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எழுத்தர் நல்லவர்தாம், "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார். அந்த ஆண்டின் கட்டணத்துக்கு அம்மாவின் கம்மல் போயிற்று.

சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து மத்திய அரசு அளிக்கும் உதவித்தொகை, பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதைப் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும். நியாயந்தான். படிப்பதும் வகுப்புக்குப் போவதும் என் கையில் உள்ளவை. ஆனால் அவ்விரு கணக்கும் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருக்கின்றனவே! தகுதி இழந்தவனை நிறுத்த ஒரு பட்டியல் போதும். தகுதியுள்ள அத்தனை பேரையும் ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்துவானேன்? ஒருமுறை வழங்கிய உதவி பட்டம் பெறும் வரை தானே தொடர வேண்டும். குடும்ப நிலை மாறினால் அறிவிப்பது மாணவன் கடமையாகட்டும். மறைத்தால் பணத்தைத் திருப்பி வாங்கட்டும். சென்ற ஆண்டு கலவை சுமந்தவர் இவ்வாண்டு மாளிகை கட்டிவிட்டாரோ என்ற ஐயத்தில் அவரை அலையவிடுவது என்ன சிக்கனம்?

நண்பர்களே, நம்மீதும் குற்றம் உண்டு. நம்மவர் ஒருவர் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பம் போட்டதோடு சரி. பிழை திருத்தச் சொல்லி அது திரும்பி வந்திருந்ததைப் பல வாரம் பார்க்கவேயில்லை. அடுத்த அறையில் அதே படிவத்தை நிரப்பியவர் இருந்தார், அவரிடம் கேட்கவுமில்லை. கேட்டால் வீட்டு வறுமை வெளியாகுமாம்! பொங்கல் விழாவுக்கு அறை அறையாக நன்கொடை கேட்க வெட்கப்படாத நமக்கு இதில் என்ன வெட்கம்?

விண்ணப்பக் காலத்தில் ஞாயிறு மாலைகளில் நம் சங்கம் ஒரு மேசை போடலாம். முன்பு புதுப்பித்தவர்கள் அங்கே உட்காரட்டும். ஊரில் சான்றிதழுக்கு மனுப் போடும்படி கோடை விடுமுறையிலேயே எல்லோருக்கும் நினைவூட்டலாம். பதிவேட்டைக் கொண்டே சலுகையைப் புதுப்பிக்குமாறு கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்திட விரும்புவோர் இரவு உணவுக்குப் பின் என் அறைக்கு வரலாம்.