கறுப்புக் கண்ணாடியும் காக்கிச் சட்டையும்

இரவு ஷிப்ட் முடிந்து மில் கேட்டைத் தாண்டி வருகிற தொழிலாளியின் கண்ணில் முதலில் படுவது டீக்கடை. அடுத்தபடியாகப் படுவது போலீஸ் செக்கிங். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால் வலிக்கிறது, கண் எரிகிறது. "ஓரங்கட்டு! லைசென்ஸ் எங்கே? ஆர்.சி. எங்கே? இன்ஷூரன்ஸ் எங்கே? ஹெல்மெட் எங்கே?" என்று கேள்விகள் வருகின்றன. மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு அவன் கைகட்டி நிற்கிறான். அதே நேரத்தில் அதே சாலையில் ஒரு பெரிய கார் போகிறது. நான்கு பக்கமும் மை பூசியது போலக் கறுப்புக் கண்ணாடி. உள்ளே ஒருவர் இருக்கிறாரா, ஐந்து பேர் இருக்கிறார்களா, யாரையாவது கட்டிப்போட்டுக் கடத்திப் போகிறார்களா, யாருக்கும் தெரியாது. போலீஸ்காரரின் கை மேலே எழுவதில்லை. சில இடங்களில் எழுகிறது, சலாம் போடுவதற்கு!

இந்தக் காட்சியைப் பார்க்காத உழைப்பாளி தமிழ்நாட்டில் இல்லை. பார்த்துப் பழகிப் போனதால் இது இயற்கை என்றே பலர் நினைக்கிறார்கள். இது இயற்கையல்ல. அந்தக் கறுப்புக் கண்ணாடியும் சட்ட விரோதம்தான். இதை உழைக்கும் மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி இருக்கிறது. அதன்படி காரின் முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் நூறு பங்கு வெளிச்சம் விழுந்தால் எழுபது பங்காவது ஊடுருவிச் செல்ல வேண்டும். பக்கத்துக் கண்ணாடிகளில் ஐம்பது பங்காவது செல்ல வேண்டும். விதி வந்த பிறகும் கடைகடையாய்க் கூலிங் பேப்பர் விற்றது, கார்காராய் ஒட்டினார்கள். கொள்ளை, கொலை, பெண்களைக் கடத்திக் கற்பழித்தல் முதலிய கொடுமைகளுக்கு இந்தக் கார்கள் வசதியாயின. அவிஷேக் கோயங்கா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2012 ஏப்ரல் 27-ந் தேதி தலைமை நீதிபதி கபாடியா உள்ளிட்ட மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடி விதிக்கு உட்பட்ட அளவில் நிறம் கொண்டிருக்கலாம். அதன்மேல் எந்தப் பிலிமும் ஒட்டக் கூடாது என்றார்கள். 'இசட்', 'இசட் பிளஸ்' பாதுகாப்பு பெற்றவர்களுக்கு மட்டும், அதற்கென உள்ள கமிட்டி பரிசீலித்து விலக்குத் தரலாம் என்றார்கள். பிலிம் வியாபாரிகள் மீண்டும் கோர்ட்டுக்கு ஓடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்களுடைய மனு தள்ளுபடியாயிற்று.

2012 மே 4 முதல் தீர்ப்பு அமலுக்கு வந்தது. சில வாரம் ஊர் ஊராகப் போலீஸார் கார்களை நிறுத்திப் பிலிமை உரித்தார்கள். பத்திரிகைகளில் போட்டோ வந்தது. போட்டோ வந்ததும் வேகம் தணிந்தது.

அதன் விலை என்ன? தீர்ப்பு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2012 டிசம்பர் 16-ந் தேதி இரவு டில்லியில் ஓர் இளம் மாணவியும் அவருடைய நண்பரும் வீடு திரும்ப ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினார்கள். அந்த பஸ்ஸின் கண்ணாடிகள் கறுப்பு, உள்ளே திரை வேறு. நாட்டின் தலைநகரில், போலீஸ் காவல் போட்டிருந்த இடங்களைக் கடந்து அந்த பஸ் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நடந்த கொடுமை உலகையே உலுக்கியது. டிசம்பர் 29-ந் தேதி அந்தப் பெண் உயிர் நீத்தார். அதற்குப் பிறகுதான் கறுப்புக் கண்ணாடி பஸ்களைப் பறிமுதல் செய்வோம் என்று சர்க்கார் பேசியது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. அதை அமல் செய்ய வேண்டிய கண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் ஊர்களிலும் இரவு ஷிப்ட் முடிந்து மெயின் ரோட்டிலிருந்து கிராமத்துக்கு நடந்து போகிற பெண் தொழிலாளிகள் இருக்கிறார்கள். விடியுமுன் நாற்று நடப் புறப்படுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். உள்ளே யார் என்று தெரியாத கார் ஒன்று அருகில் வந்து வேகம் குறைத்தால் அவர்களுடைய நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும்! அந்தப் பயத்தைப் போக்குவதற்குத்தான் இந்த விதி.

இப்போது அபராதக் கணக்கைப் பார்ப்போம். 2019-க்கு முன்னால் ஹெல்மெட் இல்லாமல் போனாலும், கறுப்புப் பிலிம் ஒட்டினாலும் ஒரே பிரிவுதான், 177-வது பிரிவு. முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை அபராதம். 2019-ல் பார்லிமெண்ட் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திற்று. ஹெல்மெட்டுக்கு 194-டி என்று தனிப் பிரிவு போட்டார்கள். அபராதம் 1000 ரூபாய். மூன்று மாதத்துக்கு லைசென்ஸுக்குத் தடை வேறு. பொதுப் பிரிவான 177-ல் அபராதம் 500 ரூபாய் வரை. மறுபடி செய்தால் 1500 ரூபாய் வரை. கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பிரிவில்தான் வழக்குப் போடுகிறார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் புதிய தொகைகள் அமலுக்கு வந்தன.

ஆக, ஹெல்மெட் போடாதவனின் அபராதம் பத்து மடங்கு உயர்ந்தது. கறுப்புப் பிலிம் ஒட்டியவரின் அபராதம் ஐந்து மடங்குதான் உயர்ந்தது. ஹெல்மெட் போடாதவன் தன் தலைக்குத்தான் ஆபத்து தேடிக்கொள்கிறான். கறுப்புக் கண்ணாடிக்காரர் ஊராருக்கு ஆபத்தை மறைத்து வைக்கிறார். முதல்வனுக்கு ஆயிரம், இரண்டாமவருக்கு ஐந்நூறு! 2025-26-ம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். ஆயிரம் ரூபாய் என்றால் ஏறக்குறைய மூன்று நாள் வெயிலில் மண் வெட்டிய கூலி. காரில் போகிற பிரமுகருக்கு ஐந்நூறு ரூபாய் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அதையும் கேட்பாரில்லை.

ஹெல்மெட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தோழரும் அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம். சாலையில் விழுந்து தலை உடைந்து போன தொழிலாளியின் குடும்பம் படும் பாட்டை நாம் அறிவோம். நல்ல ஹெல்மெட் வாங்கிப் போடுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் போடச் சொல்லுங்கள். லோடு வண்டியில் ஆடு மாடு போல ஆட்களை ஏற்றுவதும் ஆபத்துதான். பஸ் விடாத ஊரில் வேறு வழியில்லை என்பதையும் சர்க்கார் பார்க்க வேண்டும். நாம் கேட்பது ஒன்றுதான். உழைப்பாளி மீது காட்டும் கண்டிப்பில் பாதியையாவது பெரிய கார் மீது ஏன் காட்டவில்லை?

"வெயில் தாங்கவில்லை, அதனால் பிலிம் ஒட்டுகிறோம்" என்கிறார்கள். காருக்குள் ஏ.சி. இருக்கிறது. சித்திரை வெயிலில் கதிர் அறுக்கிற பெண்ணுக்குத் தலையில் ஒரு துண்டுதான் இருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது, நோயாளி இருக்கிறார் என்றால், அளவுக்கு உட்பட்டு நிறம் கொடுத்த கண்ணாடியைக் கம்பெனியே தருகிறது. வெயிலைத் தடுக்க அது போதும். அதற்கு மேலே கேட்பது நிழலுக்காக அல்ல, மறைவுக்காக.

போலீஸ்காரர்களைப் பற்றியும் நியாயமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாலையில் நிற்கிற கான்ஸ்டபிள் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான். விவசாயி மகன், தொழிலாளி மகன். மாதம் இத்தனை கேஸ் காட்டு என்று மேலிருந்து கேட்கிறார்கள் என்று அவர்களே புலம்புவதைக் கேட்டிருக்கிறோம். மொபெட்டை நிறுத்தினால் இரண்டு நிமிஷத்தில் ஒரு கேஸ். பெரிய காரை நிறுத்தினால் உள்ளேயிருந்து ஒரு போன் போகும். அரை மணியில் மேலதிகாரி கூப்பிடுவார். மறு வாரம் மாற்றல் உத்தரவு வந்துவிடுமோ என்று பயம். எண்ணிக்கைக்கு ஆசைப்படுகிற அதிகாரம் எளியவனைத்தான் பிடிக்கச் சொல்லும். குற்றம் கீழே நிற்பவன் மேல் மட்டுமல்ல, எதை முதலில் பிடி, எதை விட்டுவிடு என்று தீர்மானிக்கிறவர்கள் மேல்தான் அதிகம்.

மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. பெரிய மனிதர் கார்களில் சுழன்ற சிவப்பு விளக்கு 2017 மே 1 முதல் எடுக்கப்பட்டது. யாருடைய தலையும் போய்விடவில்லை. 'போலீஸ்', 'பிரஸ்' என்று கண்டபடி ஒட்டுகிற ஸ்டிக்கர்களுக்கு எதிராக 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸார் நடவடிக்கை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி மட்டும் ஏன் கையில் அகப்படாது?

இன்று புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதைக் காட்டி, வெளிச்சத்தின் அளவு குறையாதபடி தரமான பிலிம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள ஹைக்கோர்ட் தீர்ப்பளித்தது. எழுபது, ஐம்பது என்ற அளவு மாறவில்லை. ஆனால் முன்பு பிலிம் இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாலே போதும். இனி அளந்து பார்க்க வேண்டும் என்று வாதம் வரும். அளக்கிற கருவி கையில் இல்லை என்றால், "என்னுடையது சரியான பிலிம்" என்று கார்காரர் சொன்னதுதான் சட்டம்! ஏழையின் மூச்சை அளக்கக் கருவி வாங்கிய இலாகா, கார்க் கண்ணாடியை அளக்கவும் வாங்கட்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்:

கறுப்புக் கண்ணாடிச் சோதனையைச் சர்க்கார் கார்களிலிருந்தும், கட்சிக் கொடி கட்டிய கார்களிலிருந்தும் தொடங்க வேண்டும். எந்தக் கட்சிக் கொடியானாலும் சரி, நம் கொடியானாலும் சரி, விலக்கு வேண்டாம்.

சாலையில் சோதனை போடுகிற ஒவ்வொரு குழுவுக்கும் கண்ணாடி அளக்கும் கருவி கொடுக்க வேண்டும்.

மொபெட் மீது எத்தனை கேஸ், கார் மீது எத்தனை கேஸ், எந்தக் குற்றத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் மாதந்தோறும் பலகையில் எழுதிப் போட வேண்டும். கணக்கு வெளியே வந்தால் யார் மீது கண் என்பது ஊருக்குத் தெரியும்.

பெரிய காரை நிறுத்திய காரணத்துக்காக எந்தக் கான்ஸ்டபிளையும் மாற்றவோ தண்டிக்கவோ கூடாது.

தொழிலாளத் தோழர்களுக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட்டோடு போங்கள், காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கர் மூலம் போனில் காட்டும் லைசென்ஸும் ஆர்.சி.யும் செல்லும், 2018-லேயே விதி அப்படித் திருத்தப்பட்டுவிட்டது. அபராதம் கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடிக் கார் தடையில்லாமல் போனால், "அய்யா, அந்தக் காரையும் நிறுத்துங்கள்" என்று மரியாதையாக, ஆனால் உரக்கக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அதட்டுவார்கள். ஷிப்ட் முடிந்து வருகிற ஐம்பது பேரும் நின்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாலை எல்லோருக்கும் பொது. அதில் நம் முகம் தெரியும்படி நாம் போகிறோம். காரில் போகிறவர்களும் முகம் தெரியும்படி போகட்டும்!