கணக்கில் 91... ஆனாலும் 'எனக்கு மேத்ஸ் வராது' என்கிறாளா உங்கள் மகள்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் கேட்கும் உரையாடல் இது.

"ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துக்கோம்மா."

"வேணாம்ப்பா, எனக்கு மேத்ஸ் வராது."

"91 எடுத்திருக்கியே!"

"தமிழ்ல 98 எடுத்திருக்கேன்ல? எனக்கு அதுதான் வரும்."

அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. 91 வாங்கியவளுக்கு எப்படி மேத்ஸ் வராமல் போகும்? ஆனால் மகள் பொய் சொல்லவில்லை, சாக்குப்போக்கும் சொல்லவில்லை. அவள் உண்மையாகவே அப்படி நம்புகிறாள். அந்த 91-ஐ அவள் பக்கத்து பெஞ்சுத் தோழியின் மார்க்கோடு ஒப்பிடவில்லை. தன்னுடைய 98-ஓடு ஒப்பிடுகிறாள்.

பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் பிள்ளைகளின் மனதுக்குள் இன்னொரு ரேங்க் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதில் போட்டியாளர்கள் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஐந்தில் ஒன்று கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? ஐந்திலும் 90-க்கு மேல் எடுத்த பிள்ளைக்கும் ஒரு கடைசிப் பாடம் இருக்கும். அதன் தலையில் 'வராது' என்ற முத்திரை விழுந்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர், ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த கல்வி உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் மார்ஷ். ஒரு விசித்திரம் அவரை உறுத்தியது. மொழிப்பாடத்தில் நல்ல மார்க் எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் கணக்கிலும் நல்ல மார்க்தான் எடுக்கிறார்கள். அப்படியென்றால் 'நான் மொழியில் கெட்டி' என்று நம்புகிறவர் 'கணக்கிலும் கெட்டி' என்றுதானே நம்ப வேண்டும்? அப்படி நம்புவதில்லை. இரண்டு நம்பிக்கைகளுக்கும் நடுவே தொடர்பே இல்லாததுபோல இருந்தது. 1986-ல் அவர் ஒரு விளக்கம் தந்தார். மாணவர்கள் இரண்டு தராசுகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று வெளியே: வகுப்பில் மற்றவர்களைவிட நான் எப்படி? இன்னொன்று உள்ளே: என் மற்ற பாடங்களைவிட இந்தப் பாடத்தில் நான் எப்படி? இரண்டாவது தராசில் ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கியே தீரும்.

2009-ல் ஜெர்மனியின் யென்ஸ் மோல்லர், மார்ஷ் உள்ளிட்டோர் இதுபற்றி வந்த 69 தரவுத் தொகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சுமார் ஒன்றேகால் லட்சம் மாணவர்கள். தொடர்பே இல்லையென்றால் 0, ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி என்றால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மார்க்குக்கும் மொழி மார்க்குக்கும் இடையே தொடர்பு 0.67. கணக்கு பற்றிய நம்பிக்கைக்கும் மொழி பற்றிய நம்பிக்கைக்கும் இடையே வெறும் 0.10. அதைவிட முக்கியமான ஒன்று: கணக்கு மார்க் ஒரே அளவில் இருக்கும் மாணவர்களில், மொழியில் கூடுதலாக எடுத்தவருக்குக் கணக்கில் நம்பிக்கை குறைவாக இருந்தது. தமிழில் 98 எடுத்ததற்கு இப்படியும் ஒரு விலை!

நெருங்கிய பாடங்களுக்குள் இந்த இழுபறி அவ்வளவாக இல்லை. கணக்கும் இயற்பியலும் சண்டை போடுவதில்லை. கணக்கும் மொழியும்தான் எதிரெதிர் அணி. 'நீ மேத்ஸ் ஆளா, லிட்ரேச்சர் ஆளா?' என்று நாமே ஊருக்கு ஊர் அணி பிரித்து வைத்திருக்கிறோமே! (எங்கள் இதழியல் டிப்ளமோ வகுப்பில் 'எனக்கு மேத்ஸ் வராது' என்பது கிட்டத்தட்ட அடையாள அட்டை.)

பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் இது பெரிதாகிறது. பாரிஸைச் சேர்ந்த தாமஸ் ப்ரெடா, க்ளோதில்ட் நாப் என்ற இரு ஆய்வாளர்கள், 64 நாடுகளில் 'பிசா' தேர்வெழுதிய மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதுப் பிள்ளைகளின் தரவை எடுத்துக்கொண்டார்கள். கணக்கு சார்ந்த படிப்புகளுக்குப் போக ஆண் பிள்ளைகள் காட்டும் விருப்பம் அதிகம். ஏன்? கணக்கில் இருபாலருக்கும் உள்ள வித்தியாசம் சிறியதுதான். வாசிப்பில்தான் பெண் பிள்ளைகள் வெகுவாக முந்துகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பைவிடக் கணக்கில் எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதைக் கணக்கில் கொண்டபோது, அந்த விருப்ப இடைவெளியில் 80 சதவிகிதம் வரை விளக்கம் கிடைத்துவிட்டது. 2019-ல் வெளியான இந்த ஆய்வு சொல்வது இதுதான்: பல பெண்கள் கணக்கை விடுவது கணக்கு வராததால் அல்ல, மொழி அதைவிட நன்றாக வருவதால்.

வெளித் தராசும் சில நேரம் ஏமாற்றும். நன்றாகப் படிக்கும் பிள்ளையை 'டாப்பர்ஸ் செக்‌ஷன்' என்று தனி வகுப்பில் போடுகிறார்கள் அல்லவா? அங்கே போனதும் அதே பிள்ளைக்கு 'நான் சுமார்தான்' என்று தோன்ற ஆரம்பிக்கிறது. குளத்தில் பெரிய மீனாக இருந்தது ஏரிக்குப் போய்ச் சின்ன மீனாகிவிடுகிறது. 26 நாடுகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள், மார்ஷ்தான் இதற்கும் முன்னோடி. மார்க் குறையாமலே நம்பிக்கை குறையும் விஷயம் இது.

'நம்பிக்கைதானே, போகட்டும்' என்று விட முடியாததற்குக் காரணம், ப்ளஸ் ஒன் குரூப். எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மார்க்கைவிட 'எனக்கு வரும், வராது' என்ற எண்ணத்துக்கே அதிக செல்வாக்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊரில் அந்த முடிவு 15 வயதில், அதுவும் சில நாள்களுக்குள் எடுக்கப்படுகிறது. தமிழகப் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் பாதி, அதாவது 100, கணக்குக்கு. ப்ளஸ் டூவில் கணக்கு இல்லையென்றால் அந்த வரிசையில் பெரும்பாலான படிப்புகளுக்கு நிற்கவே முடியாது.

இன்ஜினீயரிங்தான் உசத்தி என்று சொல்லவில்லை. தமிழ் பிடித்ததால் தமிழ் இலக்கியம் படிக்கப்போகிற பிள்ளையைத் தடுக்கவே கூடாது. ஆனால் 'தமிழ் பிடிக்கும், அதனால் போகிறேன்' வேறு, 'மேத்ஸ் வராது, அதனால் போகிறேன்' வேறு. இரண்டாவதைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். "91 நல்ல மார்க்குதானே" என்று வாதாடினால் வேலைக்கு ஆகாது, அது அவளுக்கும் தெரியும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "தமிழ்ல 98 வராம 80 வந்திருந்தா, இந்த 91-ஐப் பத்தி என்ன நினைச்சிருப்பே?"

மார்க்ஷீட்டில் உள்ள ஐந்து எண்களும் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல என்பதையும் சொல்லலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வுக்கு. தமிழில் கட்டுரையும் கடிதமும் மனப்பாடப் பாடலும் கைகொடுக்கும். கணக்கில் ஒரு வரியில் மைனஸ் குறியை விட்டால் விடையே மாறிப்போகும். அங்கே 91-ம் இங்கே 98-ம் எடுத்தவருக்கு 7 மார்க் அளவுக்குத் திறமை குறைவு என்று அர்த்தமில்லை.

கடைசியாக, பெற்றோர் பற்றி. "விடுடா, நம்ம குடும்பத்துக்கே கணக்கு ஆகாது" என்று ஆறுதல் சொல்கிறவரா நீங்கள்? அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரை ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கவனித்த ஆய்வு 2015-ல் வந்தது. கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க் சொல்லிக்கொடுத்த வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு கணக்கில் குறைவாகக் கற்றார்கள், கணக்கு பயமும் கூடியது. பயம் இருந்தும் அடிக்கடி உதவப் போகாத பெற்றோரின் பிள்ளைகளிடம் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆகவே அந்த ரகப் பெற்றோர் கணக்கு நோட்டைப் பிடுங்கிப் பார்க்காமல், சுண்டல் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.