ஊதினால் போதுமா?
குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனுக்கெல்லாம் ஒரு வக்கீலா என்று முகம் சுளிக்கிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று கோடு கிழிக்கிறது. அதைத் தாண்டினால் முதல் முறையே ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அப்படியிருக்க, ஊதச் சொன்ன கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்காத வக்கீல் எதற்கு? இரத்தப் பரிசோதனை இல்லாமல் வாடையையும் தள்ளாட்டத்தையும் மட்டும் நம்ப முடியாதென்று 1971இலேயே ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போதைப்பொருள் என்றால் அந்தப் பிரிவில் மில்லிகிராம் கணக்கே கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். குறுக்கு விசாரணைக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? மாதிரி எடுக்காமல் விட்ட அதிகாரியை விட்டுவிட்டு வக்கீலைத் திட்டுவது எனக்கு விளங்கவில்லை.