கவனக்குறைவு ஓட்டுநருடையது மட்டும்தானா?

சாலை விபத்து நிகழ்ந்ததும் நம் நாட்டில் முதலில் எழும் தீர்ப்பு ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்பதே. அச்சொல் விசாரணையை அங்கேயே முடித்துவிடுகிறது. கவனம் தனிமனித ஒழுக்கம் மட்டுமன்று. சூழல் முன்கூட்டித் தரும் குறிப்புகளாலும் அது ஆளப்படுகிறது.

மைக்கேல் போஸ்னர் 1980-இல் விவரித்த சோதனைகள் இதற்குச் சான்று. பங்கேற்பாளர் திரையின் நடுப்புள்ளியிலிருந்து பார்வையை விலக்கலாகாது; பக்கவாட்டில் ஒளி தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒளிக்குச் சற்றுமுன் ஓர் அம்புக்குறி தோன்றும். அம்பு காட்டிய பக்கத்திலேயே ஒளி வந்தால் எதிர்வினை விரைவுபட்டது. மறுபக்கத்தில் வந்தால், திசை காட்டாத நடுநிலைக் குறியின்போது இருந்ததைவிடவும் தாமதமாயிற்று. கண் அசையவில்லை, கவனம் மட்டுமே நகர்ந்தது. மெய்க்குறிப்பு ஆதாயம் தருகிறது, பொய்க்குறிப்பு இழப்பைத் தருகிறது.

ஆய்வகத்தில் இவ்வேறுபாடு சில பத்து மில்லிநொடிகளே. சாலையில் அது பெரிது. மார்க் கிரீன் 2000-இல் வெளியிட்ட மீளாய்வின்படி, தடுக்க வேண்டிவரும் என எதிர்பார்த்திருக்கும் ஓட்டுநருக்குத் தடுப்பானை மிதிக்க ஏறத்தாழ 0.7 நொடி போதும். திடீரென எதிர்ப்படும் இடையூறுக்கு 1.5 நொடி வரை ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த 0.8 நொடிக்குள் வண்டி 13 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஒரு மனிதர் சாலையைக் கடந்து உயிர் தப்பப் போதுமான தொலைவு அது.

வேகத்தடைக்கு முன்னே எச்சரிக்கைப் பலகையும், அதன்மேல் வண்ணப்பட்டைகளும் வேண்டும் என்கின்றன இந்தியச் சாலைகள் காங்கிரசின் நெறிமுறைகள். எனினும் பலகையுமின்றி வண்ணமுமின்றி இருளில் கிடக்கும் வேகத்தடைகள் எத்தனை! மறுபுறம், வேலை முடிந்து மாதங்கள் கடந்தும் ‘பணி நடைபெறுகிறது’ என்னும் பலகை அகற்றப்படுவதில்லை. முன்னது குறிப்பின்மை; பின்னது பொய்க்குறிப்பு. பலமுறை பொய்த்த பலகையை ஓட்டுநர் நம்பாமற் போவது கற்றலின் இயல்பு. மெய்யான பலகையும் அதனால் வலுவிழக்கிறது.

குடித்துவிட்டு ஓட்டுவோரையும் கைப்பேசியில் மூழ்கி ஓட்டுவோரையும் இவ்வாதம் விடுவிக்காது. அவர்கள் பொறுப்பு அவர்களுடையதே. ஆனால் ஒவ்வொரு விபத்து விசாரணையிலும் மேலும் மூன்று கேள்விகள் இடம்பெற வேண்டும்: முன்னெச்சரிக்கை இருந்ததா? அது இரவில் தெரிந்ததா? அது மெய்யாக இருந்ததா? இவற்றுக்கு விடை பதிவாகாதவரை ‘கவனக்குறைவு’ என்பது முடிவாகாது. சாலையை அமைத்தோரின் கவனக்குறைவை மறைக்கும் திரையாகவே அது நிற்கும்.