கம்பளத்தின் கீழுள்ள தகடு

பழைய பொருள்களைப் பழுது பார்த்துப் பேணும் தொழில் நுணுக்கத்தைக் குறித்து இம்மாதம் சில சொற்கள் கூற விழைகிறோம். அதற்கென அமெரிக்க நாட்டுப் பழைய காரொன்றினுள் வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். அதன் பளபளப்பையோ வேகத்தையோ காட்டுவது நம் நோக்கமன்று. காலடிக் கம்பளத்தை விலக்கினாலன்றிக் கண்ணிற்படாத ஒரு தகட்டைக் காட்டுவதே நோக்கம்.

1960-களில் அந்நாட்டுத் தொழிற்சாலைகள், நடுத்தர அளவுள்ள கார்களில் மிகப் பெரிய இயந்திரங்களைப் பொருத்தி இளைஞர்களுக்கு விற்றன. இவற்றை 'மஸில் கார்' என வழங்குவர். இவ்வினத்தில் புகழ்பெற்ற ஒன்று, 1968-ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த பிளிமத் ரோட் ரன்னர். 383 கன அங்குல இயந்திரமும், 335 குதிரைசக்தியும், கையால் மாற்றும் நான்கு வேகக் கியரும் உடையது அது. பிளிமத் என்னும் வணிகப் பெயர் 2001-ல் மறைந்தது. எனினும் அக்கார்களைத் தேடியெடுத்துப் புதுப்பிப்போர் இன்றும் பலர் உளர்.

இக்காரின் தரை நடுவே, முன்னிருந்து பின்னாக ஒரு மேடு ஓடுகிறது. கியர்ப் பெட்டியும், அதிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் நீண்ட தண்டும் அதன் அடியில் உள்ளன. ஆங்கிலேயர் இதனை 'டிரான்ஸ்மிஷன் டனல்' என்பர். நாம் நடுமேடு என்போம். பார்வைக்கு இது வெறும் மூடிபோலத் தோன்றும். உண்மை அதுவன்று. லாரிக்கு இருப்பதுபோன்ற தனி இரும்புச் சட்டம் இக்காருக்கு இல்லை; தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, உடலே சட்டமாகவும் நிற்கிறது. 2014 வரை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான நம் அம்பாசடரும் இவ்வகையினதே. தட்டையான காகிதம் துவளும். அதையே மடித்தால் நிமிர்ந்து நிற்கும். நடுமேடு என்னும் அம்மடிப்பே தரைக்கு விறைப்பைத் தருகிறது. மேலும், முன் சக்கரங்களின் பாரத்தை ஏற்கும் இரு முறுக்குக் கம்பிகளின் பின்முனைகள், இத்தரையின் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் மாட்டப்பட்டிருக்கின்றன. எனவே, அங்கே துரு ஏறுவது முதுகெலும்பில் நோய் காண்பதற்கு ஒப்பாகும்.

துரு எவ்வாறு வருகிறது? கண்ணாடி ஓரத்திலும் காற்று வரும் வழியிலும் கசியும் நீர் கம்பளத்தின் கீழ் இறங்குகிறது. அங்கு விரித்துள்ள சணல் மெத்தை அந்நீரை உறிஞ்சி வைத்துக் கொள்கிறது. பனி பெய்யும் வட மாநிலங்களில் சாலையில் தூவும் உப்பு கீழிருந்து அரிக்கிறது. இவை போதாவென்று, புதுவகைக் கியர்க் கம்பி பொருத்தும் ஆசையால் உளிகொண்டு பெருந்துளை இட்டவர்களும் உண்டு.

இத்தகைய தகட்டின்மேல் வேறொரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, கம்பளத்தால் மூடிவிடுதல் எளிது. ஆனால் மூடிய இடத்தில் துரு தொடர்ந்து வளரும். முறையான வேலையோ அளப்பதில் தொடங்குகிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அதன் பாரம் இயல்பாக விழும் இடங்களிலேயே முட்டுக் கொடுக்க வேண்டும். மூலைக்கு மூலை அளந்து குறித்துக்கொண்டு, கதவு வாயில்களில் குறுக்குத் தாங்கல் இட வேண்டும். இதைச் செய்யாது தரையை அறுத்தால் உடல் சற்றே தொய்ந்துவிடும். அந்நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் கோணல் நிலைத்துவிடும். பிறகு கதவு ஒருநாளும் செவ்வனே மூடாது.

அடுத்து, ஆசனம், கம்பளம், மின்கம்பிகள், பெட்ரோல் குழாய் யாவற்றையும் அகற்ற வேண்டும். தீப்பொறிக்கு அவை இரையாகும். நல்ல இரும்பு தென்படும் வரை அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, பழைய பற்றுப் புள்ளிகளை மேல் தகட்டில் மட்டும் துளைத்துப் பிரிக்க வேண்டும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள புதுத் தகட்டைத் திருகுகளால் தற்காலிகமாக நிறுத்தி, கியர்ப் பெட்டியையும் கியர்க் கம்பியையும் ஒருமுறை வைத்துப் பார்த்த பின்னரே வெல்டிங் செய்தல் வேண்டும். அதையும் ஒரே இடத்தில் தொடர்ந்து செய்யாது, இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக, ஆறவிட்டுச் செய்தல் நலம். இன்றேல் வெப்பத்தால் தகடு நெளியும்.

இறுதியில் ஒரு பரீட்சை உண்டு. இருளில் வண்டியின் அடியில் விளக்கை ஏற்றி, உள்ளிருந்து நோக்க வேண்டும். ஊசிமுனை அளவு ஒளி தெரிந்தாலும் அதனை அடைத்தாக வேண்டும். ஏனெனில் புகைக் குழாய்கள் இத்தரையின் கீழேதான் செல்கின்றன. 1975-க்கு முந்திய இக்கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் சாதனம் இல்லை; அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. ஒளி நுழையும் துளை வழியே உயிர் குடிக்கும் நஞ்சும் நுழையும். பின் ஆசனத்தில் உறங்கும் குழந்தை அதனை அறியாது.

இன்னுமொரு செய்தி உண்டு. நான்கு வேகக் கியருக்குப் பக்கவாட்டில் மிகுதியான இடம் தேவையாதலால், தொழிற்சாலையிலேயே நடுமேட்டில் திறப்பு இட்டு, புடைத்த தனி மூடியொன்றைப் பற்றவைத்தனர். தானியங்கிக் கியருடன் பிறந்த வண்டிக்கு அம்மூடி இல்லை. இன்று அம்மூடி தனியே விலைக்குக் கிடைக்கிறது. தம் விருப்பத்திற்காக அதனைப் பொருத்திக் கொள்வதில் பிழையில்லை. கைக்கியர் வண்டிக்கு மதிப்பு மிகுதியென்று, அப்படியே பிறந்த வண்டியாகக் கூறி விற்பதே பிழை. 1969-ஆம் ஆண்டு வண்டிகளில் முன் மட்கார்டின் உட்புறத்துச் சிறு தகட்டில் 'டி21' என்றிருப்பின் நான்கு வேகக் கியர். 'டி32' என்றிருப்பின் தானியங்கி. வாங்குவோர் அதனைப் படித்தறிதல் நன்று.

நேர்மையான தொழிலாளர், அறுக்கும் முன்னும் பற்றவைத்த பின்னும் படம் எடுத்து, செய்த வேலையை எழுதிச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கின்றனர். கம்பளம் விரித்த பின் அத்தகட்டை யாரும் காணப்போவதில்லை. ஆயினும் அதன்மீது கால் வைத்துப் பயணம் செய்வோர் அனைவரும் அவ்வேலையை நம்பியே அமர்கின்றனர்.